பந்து வந்த பக்கம்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா, இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒன்றும் தெரியவில்லை. ஃபோன் போட்டால் "ம்" என்கிறாய். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப முடியாது. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கியவள் சொல்கிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கொக்கின் சாவுக்கு நீ வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. சின்ன வயசில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நீங்கள். ஃபுட்பால் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடக் கூப்பிட்டபோது, "என் கூட்டாளியும் வந்தாத்தான் நான் வருவேன்" என்று அடம்பிடித்து, உனக்கும் மருந்துப் பை தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவன். ஆறு வருஷம் அவன் தலையால் கோல் போட்டான், நீ ஐஸும் பஞ்சும் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஊரே உன்னைப் "பை" என்றுதானே கூப்பிட்டது. அப்பேர்ப்பட்டவன் போனதற்கு வந்துவிட்டு, உள்ளே போய் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாய். அவனை ஏற்றிய வண்டி மைதானத்துக்குப் போனதும் அங்கிருந்தே ஸ்டேஷனுக்கு நழுவிவிட்டாய். உன் ஸ்வெட்டர் என் வீட்டு நாற்காலியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ பாத்ரூமுக்குப் போயிருக்கிறாய் என்றே தோன்றுகிறது.

அவன் மகள் உன்னைத் தேடினாள். "பை சித்தப்பா எங்க அத்தை, இப்பத்தான் பார்த்தேன்" என்று இரண்டு தரம் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அவளும் அவள் அம்மாவும் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார்கள். நோய் முற்றிய பிறகு கொக்கு பேச்சையே விட்டுவிட்டான் இல்லையா. ஆனால் யாராவது குனிந்து முகத்துக்கு நேராகப் பார்த்தால் மட்டும் "மூணு" என்பான். டாக்டர் குனிந்தாலும் மூணு, முடி வெட்டுகிறவர் குனிந்தாலும் மூணு. டீச்சர், அதுதான் அவன் மனைவி, அது என்னவென்று யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டாள். "எங்களுக்கு ஒரே பொண்ணு. வீட்ல மூணு பேர்னு சொல்றாரோ" என்று தானே ஒரு அர்த்தம் சொல்லித் தேற்றிக்கொள்கிறாள். உனக்குத் தெரிந்திருக்குமே என்கிறார்கள். தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ஐஸ் வைக்காதே.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டேன். இங்கே மீன் வைக்கும் குளிர்க் கிடங்கில் மணிக்கொரு தரம் குளிர் காட்டும் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் கதவைப் பூட்டிவிட்டு அவர்கள் என்ன செய்வார்கள். அதனால்தான் அவசரமாகக் கிளம்பினேன்.

சாவு வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நீல நிற நாற்காலிகள் நாற்பது இருக்கும். நான் பிடித்துக்கொண்டு நின்ற நாற்காலிக்கு ஒரு கால் உடைந்து கம்பி கட்டியிருந்தார்கள். தண்ணீர் கேனுக்கு மேல் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்திருந்தது. எல்லாரும் அதிலேயே குடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். கைவிரல் கிடங்கில் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது, அந்த மாதிரி இருந்தது.

மைதானத்தில் வண்டியை நிறுத்திக் கேப்டன் பேசினார். ஃபைனலில் கொக்கு போட்ட கோலைச் சொன்னார். "இடது பக்கத்துலேர்ந்து பந்து வந்துச்சு. கொக்கு கழுத்தை ஒரு திருப்புத்தான் திருப்பினான். கோல்கீப்பர் பந்தைப் பார்க்கலை, சூரியனைத்தான் பார்த்தான்." இது கொக்கு வருஷக்கணக்காகச் சொன்னது. ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மூணு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்வெட்டர் இருக்கட்டும், இங்கே வேறு இருக்கிறது.

உன் தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாற்காலிக் கால் வரைக்கும் எழுதியிருக்கிறாய். நல்லவேளை, கம்பி எத்தனை சுற்று என்று எழுதவில்லை. இங்கே எல்லாரும் இருக்கிறோம். என் கால் இப்போது வாசல் வரை வர ஒத்துக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கொக்கின் மகள் கல்யாணம் வேண்டாம் என்கிறாள்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், உனக்குத் தெரியும். அங்கே வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கோடு இரண்டு வருஷமாகப் பழகி, கல்யாணம் பேசி முடித்து, ஜூன் கடைசியில் ஹால் கூடப் பிடித்தாகிவிட்டது. நல்ல பையன். பேசுவது குறைவு, காரியம் அதிகம். அப்பா போனதிலிருந்து அவனைப் பார்த்தாலே இவள் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறாள்.

காரணம் இதுதான். கொக்குக்கு மறதி ஆரம்பித்தபோது வயசு நாற்பத்தெட்டு. அந்த வயசில் வந்தால் அது ரத்தத்தில் வருவதாக இருக்கலாம், பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். கொக்கின் அப்பா முப்பதிலேயே போய்ச் சேர்ந்தவர், அவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "எங்கப்பாவுக்கு ஏழு வருஷம் நாங்க பார்த்தோம். அந்த மாதிரி என்னையும் ஒருத்தர் பார்க்கணுமா? புள்ளை பெத்து அதுக்கும் கொடுக்கணுமா?" என்று என் அடுப்பங்கரையில் நின்று கேட்டாள். அழவில்லை. கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டாராம், தலையில் எப்போதாவது பலமாக அடிபட்டதா என்று. டீச்சர் இல்லை என்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்து அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் ஒரு மேட்சில்கூட அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததில்லை என்பதுதானே அவன் பெருமை. "இருந்தாலும் பை அண்ணன் பக்கத்துலயே இருந்தவர். அவருக்குத் தெரியாம இருக்காது" என்றாள்.

அதனால் கேட்கிறேன். அடிபட்டதா இல்லையா?

வலது ஓரம் ஆடிய எலியும் சாவு அன்றைக்கு வந்தான். கேப்டன் பேசியதில் இருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான். "பந்தைக் கொடுத்தது நான், வலது பக்கத்துலேர்ந்து. என் வாழ்க்கையில உருப்படியாக் கொடுத்த ஒரே பாஸ். அதையும் இடது பக்கம்னு சொல்லிச் சொல்லியே இன்னொருத்தனுக்குக் கொடுத்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டான்" என்கிறான். பாவம், அவன் கவலை அவனுக்கு.

பதிலைச் சீக்கிரம் போடு.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஃபுட்பால் ஆடியவர்களுக்கு அடிபடாமல் இருக்காது. கொக்கு தலையால் ஆடியவன். டாக்டரிடம் அப்படியே சொல்லச் சொல். நான் டாக்டர் இல்லை, பை தூக்கியவன். அதிலும் மூன்று நாள் வகுப்புக்குப் போனதுதான் என் படிப்பு.

வலதா இடதா என்பது எனக்கு நினைவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது.

கிடங்கில் மூன்றாம் அறையின் மோட்டார் பழுது. எல்லாவற்றையும் நாலாம் அறைக்கு மாற்றினோம். இரண்டு நாள் விரல் மடங்கவில்லை. இப்போது பரவாயில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 13

தம்பிக்கு,

நலம் விசாரிப்பை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலிக்குக் கால் உடைந்தது வரைக்கும் தெரிகிற உனக்கு, ஊரே முப்பது வருஷம் பேசிய கோல் எந்தப் பக்கம் வந்தது என்று நினைவில்லை. யார் காதில் பூ சுற்றுகிறாய்?

ஃபைனல் அன்றைக்கு நானும் மைதானத்தில்தான் இருந்தேன், ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு. உட்கார்ந்திருந்தது வலது பக்கம். எலி என் கண்ணுக்கு முன்னால் ஓடி வந்து அடித்தான். அவன் காலில் இருந்த சேறு என் புடவையில் தெறித்தது. அதிலும் அன்றைக்கு வெயிலே இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, நான் குடை பிடித்திருந்தேன். கோல்கீப்பர் சூரியனைப் பார்த்தான் என்று கொக்கு சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன். ஆடியவன் கொஞ்சம் அளக்கத்தான் செய்வான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நேற்று துணி மடிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சூரியன் கதையை நான் முதலில் கேட்டது கொக்கின் வாயிலிருந்து இல்லை. உன் வாயிலிருந்து. அன்று சாயங்காலம் நம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். கொக்கு அப்போது உள்ளே வாஷ்பேசினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றதற்கு, "பஸ் சேரலைக்கா" என்றாய். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் யாரென்று யோசிக்கிற மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

வருஷக்கணக்கில் அதே வழியில் அதே பஸ்ஸில் போய் வந்தவனுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் பஸ் சேரவில்லை? நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா

*

மே 22

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்று நினைக்க எனக்கு வழியில்லை. தபால் எப்படித் தொலையும், எப்படித் தொலையாது என்று எனக்குத் தெரியும்.

ஃபோனிலும் பிடிக்க முடியவில்லை. உன் கிடங்குக்குப் பேசினேன். வேலைக்குத் தினமும் வருகிறாய் என்றார்கள். உயிரோடு இருக்கிறாய் என்பது வரைக்கும் சந்தோஷம்.

கொக்கின் மகள் போன வாரம் மெக்கானிக்கிடம் போய், "வேற பொண்ணு பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க கார்ல பின்பக்க டயர் தேஞ்சிருக்கு, மாத்திடறேன்" என்றானாம். ஹாலை இன்னும் ரத்து செய்யவில்லை. டீச்சர் ஜூன் பத்து வரைக்கும் பார்க்கலாம் என்கிறாள். என்னத்தைப் பார்க்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அடிபட்டது. ஃபைனல் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது எதிர் டீம் டிஃபெண்டர் ஒருவனும் கொக்கும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். இரண்டு மண்டையும் மோதின. நீ குடைக்குள் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய், அல்லது பார்த்தும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அவன் கீழே கிடந்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தலையில் அடிபட்டால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டும் என்று அந்த மூன்று நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால் ஆடலாம், தப்பாகச் சொன்னால் வெளியே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்திலேயே கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பை, எப்பவும் மூணு காட்டு. மாத்தி மாத்திக் காட்டிப் பசங்களைக் குழப்பாதே" என்றார். டீம் முழுக்க அது தெரியும். சாப்பிடும்போதுகூட என்னைப் பார்த்தால் "மூணு" என்று கத்திச் சிரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே சரியான பதில் சொல்லிவிடலாம். ரெஃப்ரீக்குத் தெரியாது. அவருக்கு விரலும் பதிலும் பொருந்தினால் போதும்.

அன்றைக்கும் மூணு காட்டினேன். மூணு என்றான். நான் ரெஃப்ரீயைப் பார்த்துச் சரி என்றேன். அவன் எழுந்து போனான். கோல் போட்டான்.

அது ஒரு தடவை இல்லை அக்கா. ஆறு வருஷத்தில் அவனுக்கு மட்டும் ஐந்து தடவை. ஐந்து தடவையும் மூணு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அவனைப் பார்க்க வந்தேன் இல்லையா. நீ டீச்சரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாய். நான் குனிந்து, "டேய், யார் வந்திருக்கேன் பாரு" என்றேன். "மூணு" என்றான். என் பேர் மறந்துவிட்டது, முகம் மறந்துவிட்டது. அது மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஊருக்கே வரவில்லை. சாவுக்கு வந்தபோதும் உள்ளே போய்க் குனிய முடியவில்லை.

இதை நீயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. உன் வாயால் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

உன் தம்பி

*

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்தேன். இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. காலில் வலிகூடத் தெரியவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தவள் நான். ஒரு தரம், "டாக்டர் கிட்ட காட்டலாமாடா" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஜெயித்த வீட்டில் அன்றைக்கு யார் டாக்டரைத் தேடுவார்கள்.

ஆனால் இதை நான் சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஒருத்தர் பேருக்கு வந்ததை இன்னொருத்தர் வீட்டில் நான் போட்டதில்லை. இது எனக்கு எழுத வேண்டிய கடிதம் இல்லை. அவளுக்கு எழுத வேண்டியது. முகவரி தனித்தாளில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்று பெரிசாக எழுதியிருக்கிறேன்.

டீச்சர் காலையில் வந்து ஹாலை ரத்து செய்யப் போவதாகச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. உனக்காக அதைப் பிடித்து வைக்க எனக்கு வாய் வரவில்லை.

சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அப்பாவுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஐந்து தடவை. ஐந்துக்கும் எந்த மேட்ச், எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் டாக்டரிடம் கொடு. ஒவ்வொரு தடவையும் அவரைத் திரும்ப ஆட அனுப்பியது நான். விரலைக் காட்டும் பழக்கத்தையும் அதில் எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன "மூணு" அதுதான். வீட்டில் மூணு பேர் என்று அம்மா நினைத்திருந்தால், அதை மாற்ற வேண்டுமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

அக்காவுக்கு எழுதும்போது ஒன்றை மாற்றி எழுதிவிட்டேன். உனக்கு அப்படியே எழுதுகிறேன். ஃபைனலில் நான் விரலைக் காட்டவில்லை. என் இரண்டு கையிலும் ஐஸ் பை இருந்தது. நான் இன்னும் மண்டி போடக்கூட இல்லை. குனிந்தேன், அவ்வளவுதான். உன் அப்பா என் முகத்தைப் பார்த்து "மூணு" என்றார். காட்டாத விரலை எண்ணினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். ரெஃப்ரீ என் முதுகுக்குப் பின்னால் நின்றார், அவருக்கு என் கை தெரியாது. கேட்டார். சரியாகச் சொன்னான் என்றேன். ஃபைனலில் கொக்கை வெளியே எடுத்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அதோடு எனக்கும் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

கோலை நான் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே குனிந்து சிந்திய ஐஸைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது எல்லாரும் அவர் மேல் கிடந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் காதில், "டேய், ஜெயிச்சோமா?" என்று கேட்டார். கோப்பை அவர் மடியில் இருந்தது. ஜெயித்தோம், நீதான் போட்டாய் என்றேன். "எப்படிப் போட்டேன், சொல்லு, இவனுங்க கேட்கிறானுங்க" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு கோலைச் சொன்னேன். இடது பக்கம், கழுத்தைத் திருப்பியது, கோல்கீப்பர், சூரியன், எல்லாம் நான் அந்த சீட்டில் உட்கார்ந்து கட்டியது. அவர் இரண்டு தரம் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதைத்தான் பேச்சு நிற்கும் வரை எல்லாருக்கும் சொன்னார். உனக்கும் சொல்லியிருப்பார்.

பந்து வந்தது வலது பக்கத்திலிருந்து. கொடுத்தது எலி. எலியிடம் அதைச் சொல்லிவிடு.

உன் கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்.

சித்தப்பா

*

ஆகஸ்ட் 21

பை சித்தப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அத்தை கால் வலி குறைந்து கடைக்குத் தானே போய் வருகிறார்கள். உங்கள் கடிதம் ஜூலை பதினொன்றிலேயே வந்துவிட்டது. பதில் எழுத நாற்பது நாள் ஆகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

தாளை டாக்டரிடம் கொடுத்தேன். மூன்று தரம் படித்தார். "இதுதான் காரணம்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா இவ்வளவு அடி, அடிபட்ட உடனே திரும்ப ஆடியிருக்கார். இதை முதல்லயே சொல்லியிருந்தா உன்னை இப்படிப் பயமுறுத்தியிருக்க மாட்டேன்" என்றார். சந்தேகமே வேண்டாம் என்று எனக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் போன வாரம் வந்தது. அவர் தேடியது அதில் இல்லை.

அம்மாவிடம் அடிபட்டதைச் சொன்னேன். மூணு என்னவென்று சொல்லவில்லை. வீட்டில் மூணு பேர் என்றே இருக்கட்டும்.

எலி மாமா வீட்டுக்குப் போய் உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் மடித்துப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அப்ப அவன் வேணும்னு சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை மாமா, அவருக்கே தெரியாது என்றேன். உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மெக்கானிக் தினமும் வந்து என் காரில் பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்கிறார். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதத்தையும் ரிசல்ட்டையும் அவரிடம் கொடுத்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இது முன்னாடியும் தேவைப்படலை" என்றார். கல்யாணம் எப்போது என்று இன்னும் பேசவில்லை. ஆனால் நான் இப்போது அடுத்த தெருவில் திரும்புவதில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சித்தப்பா. ஏழு வருஷம் நான் இரவல் பயத்தில் இருந்தேன். அதை நீங்கள் ஒரு கடிதத்தில் எடுத்திருக்கலாம். அதற்காக உங்களை மன்னிக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் நாற்பது நாள் ஆனது.

கடைசி ஒரு வருஷம் அப்பாவுக்கு நான்தான் ஊட்டுவேன். எவ்வளவு புரிகிறது என்று பார்க்கத் தினமும் விரலைக் காட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்று காட்டினாலும் மூணு என்பார், ஐந்து காட்டினாலும் மூணு என்பார். இல்லப்பா என்றால் அவர் முகம் அப்படியே விழுந்துவிடும். அப்புறம் ஒரு வாய்கூட வாங்க மாட்டார். ஒரு நாள் எனக்கே தாங்கவில்லை. மூன்று விரலைக் காட்டினேன். மூணு என்றார். "சரிப்பா, கரெக்ட்" என்றேன். அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. உடனே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். எங்கப்பா என்றேன். "உள்ள போகணும்" என்றார். அந்த வருஷம் முழுக்க மூணைத் தவிர அவர் பேசியது அது மட்டும்தான். நாங்கள் உள்ளேதானே இருக்கிறோம் என்று சொல்லித் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். எங்கே போகப் பார்த்தார் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் மூன்றைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம், "சரியாச் சொல்றார் சார்" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் ஸ்வெட்டரை அத்தை துவைத்து மடித்து வைத்திருக்கிறார்கள். வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

மகள்